இடது கை ஒட்டு

போன வாரம், பெரியவளின் போனுக்கு ஒரு படம் வந்து விழுந்ததோடு விட்டோம். அதைப் பார்த்ததும் அவள் குடித்துக்கொண்டிருந்த டீயைத் துணி வெட்டும் மேசை மேலேயே வைத்துவிட்டாள். அந்த மேசையில் டீ வைத்த பாவத்துக்காக அவள் ஒரு ஆளை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறாள். ஆகவே விஷயம் சாதாரணம் இல்லை என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரியவள் ஆடை வடிவமைக்கிறவள், முப்பத்தெட்டு வயது, சொந்தப் பட்டறை. அவள் காகிதத்தில் கிறுக்குவதை உடம்பில் உட்காருகிற மாதிரி அட்டையில் அளந்து வெட்டித் தருகிறவள் அவள் தங்கை, ஆறு வயது இளையவள். கத்தரிக்கோலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவதால் பட்டறையில் அவளுக்குப் பெயரே கத்தரி. மாடல்கள், மேடை, விளக்கு, வந்து வாங்குகிறவர்கள் என்று வெளி விவகாரம் முழுக்கப் பெரியவளின் கணவர். கத்தரிக்கு அத்தான். சனிக்கிழமை ஷோ. இன்று புதன், காலை ஒன்பது மணி.

படத்தில் ஒரு கோட்டு. அதைப் போட்டிருந்த மாடல் பெண் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். அக்குளில் மடிப்பு விரிந்து உள்ளேயிருந்து சதுரமாக ஒரு துண்டு எட்டிப் பார்த்தது. துண்டுக்குக் குறுக்கே ஒரு தையல். பக்கத்தில் அதை வடிவமைத்தவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண். பெரியவள் அவளைப் 'பொடிசு' என்றுதான் சொல்வாள்.

"இது என் கோட்டு," என்றாள் பெரியவள். "என்னங்க, இங்க வாங்க! இது என் கோட்டு!"

அத்தான் வந்து பார்த்தார். கத்தரியும் எட்டிப் பார்த்தாள்.

"கீழே என்ன எழுதியிருக்கா, படிங்க."

அத்தான் படித்தார். "எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என் அப்பா கழற்றி மாட்டும் வேலைக் கோட்டிலிருந்து பிறந்தது இந்தத் தொகுப்பு. வெள்ளிக்கிழமை மேடையில் பார்க்கலாம்."

"அப்பா கோட்டாம்! துணியைத் திருடினா சரி, கதையையுமா திருடுவா? என் அப்பாவைக்கூட விட்டு வைக்கலையே, படுபாவி!"

பெரியவள் கத்தியதில் நியாயம் இருந்தது. அஞ்சு மாதத்துக்கு முன்னால் அவள் கையில் ஒரு யோசனையும் இல்லை. தெருத் தெருவாக நடந்தாள். துருப்பிடித்த கேட்டு, உடைந்த ஓடு, காய்ந்த இலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துச் சுவரில் ஒட்டினாள், மறுநாளே கிழித்தாள். கடைசியில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வேறு எதையோ தேடப்போய் அப்பாவின் கோட்டு கையில் சிக்கியது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடியே செய்கிற வேலை. கடையில் வாங்கின கோட்டெல்லாம் அக்குளில் கிழிந்தது, இல்லாவிட்டால் இடுப்புக்கு மேலே ஏறியது. பஸ் டிப்போவுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மா, அக்குளில் மடிப்பு வைத்து உள்ளே ஒரு துண்டு கொடுத்து, தானே ஒரு கோட்டு தைத்துவிட்டாள். கை இறங்கியிருக்கும்போது மடிப்பு மூடிக்கொள்ளும். தூக்கினால் விரியும். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ், வேலை பார்த்த கட்டடம் என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். "இருந்தா வந்திருப்பாரு" என்று ஒரு நாள் அம்மா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெரியவள் அந்தக் கோட்டை டம்மிக்கு மாட்டாமல் தானே போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தாள். அன்று சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு உடைகள் வரைந்தாகிவிட்டது. சட்டை, கவுன், மேலங்கி, எல்லாவற்றிலும் அக்குளில் ஒளிந்திருக்கிற ஒரு நிறம். மேடையில் லிஃப்ட் கதவு மாதிரி இரண்டு பலகை திறக்கும். மாடல்கள் விறைப்பாக நடந்து வருவார்கள். முனையில் வந்து கையைத் தூக்குவார்கள், நிறம் விரியும். தொகுப்புக்குப் பெயர் 'கை தூக்கினால்'.

கோட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. இடது அக்குள் துண்டில் மட்டும் குறுக்கே ஒரு தையல். எதற்கென்றே தெரியாது. எதற்கென்று தெரியாத தையலைக் கத்தரி எடுக்க மாட்டாள், அது அவள் வழக்கம். அட்டையிலும் அப்படியே கொண்டுவந்தாள். பெரியவள் அதைப் பார்த்துக் கண் கலங்கி, "இது தழும்புடி, இதுதான் இந்தக் கலெக்ஷனோட உயிர்" என்றாள். அந்தத் தழும்பைப் பற்றி வெளியில் இன்னும் ஒரு எழுத்துப் போகவில்லை. அட்டைகள் பூட்டிய இழுப்பறையில் இருந்தன. சாவி மூன்று பேரிடம். இந்த மூன்று பேரிடம்தான்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஒண்ணும் சொல்லலை," என்று ஆரம்பித்தார் அத்தான். ஒண்ணும் சொல்லவில்லை என்று அவர் சொன்னால் நிறையச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "போன செவ்வாய்க்கிழமை டீக்கடையில அந்தப் பொடிசோட கட்டிங் மாஸ்டரைப் பார்த்தேன். எதிர்ல உக்காந்திருந்தது யாருன்னு நான் சொல்லணுமா?"

பெரியவள் மெல்லத் தங்கை பக்கம் திரும்பினாள். "நீயா?"

"டீ குடிச்சேன்," என்றாள் கத்தரி.

"அவனோட உனக்கு என்னடி டீ?"

"தெரிஞ்சவரு, கூப்பிட்டாரு, போனேன். அத்தான், நீங்க அங்க எதுக்குப் போனீங்க? உங்க போன்ல நம்ம சாம்பிள் கோட்டோட படம் எத்தனை இருக்குன்னு நான் கேட்டேனா?"

"பார்த்தியா, பார்த்தியா! என் மேல திருப்பறா!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. பதினொரு மணிக்கு ஃபிட்டிங்," என்றாள் பெரியவள். டீயை அப்போதுதான் கவனித்தாள். வெள்ளைத் துணியில் வட்டமாகக் கறை படிந்திருந்தது.

ஃபிட்டிங் நடந்தது என்று பேர். தையல் ஆட்கள் ஆறு பேரும் தலையைத் தூக்காமல் தைத்தார்கள். மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அத்தான் இழுப்பறையை இரண்டு தடவை திறந்து அட்டைகளை எண்ணினார், மூன்றாம் தடவை பூட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு தையல்காரர் பாத்ரூமுக்குப் போக எழுந்தபோது, "போனை வச்சுட்டுப் போப்பா" என்றார். அந்த மனிதர் பதினைந்து வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். போனை மேசையில் வைத்துவிட்டு, பாத்ரூம் போகாமலே திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாம் நம்பர் கவுனில் மாடல் கையைத் தூக்கியதும் முதுகு இழுத்தது. பெரியவள் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு தானே உட்கார்ந்து சரி செய்தாள். இந்த வேலை எப்போதும் கத்தரியுடையது. இன்று அவளை வாசலைத் தாண்டி உள்ளே வரச் சொல்லவில்லை.

"தூக்கு."

தூக்கினாள். இழுத்தது.

"முதுகுத் தையல்ல கால் இஞ்ச் விட்டுப் பாரு," என்றாள் கத்தரி வாசலிலிருந்தே.

பெரியவள் காதில் விழாத மாதிரி தோள்பட்டையில் குத்தினாள், எடுத்தாள், மறுபடி குத்தினாள். பத்து நிமிஷம் கழித்துத் தங்கை அந்தப் பக்கம் திரும்பியதும் முதுகுத் தையலில் கால் இஞ்ச் விட்டாள். கவுன் சொன்னபடி கேட்டது. அதில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மாடல்கள் போன பிறகு அக்காவும் தங்கையும் துணி அடுக்கி வைக்கிற அறையில் நின்றார்கள். அத்தான் கதவுக்கு வெளியே ஒண்ணும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லு. அந்த மாஸ்டர் எதுக்குக் கூப்பிட்டான்?"

கத்தரி கொஞ்ச நேரம் துணிச் சுருளைத் தடவிக்கொண்டிருந்தாள். "அங்க வேலைக்கு வரச் சொன்னாரு. என் பேரையும் போடறாங்களாம். அட்டை வெட்டினது இன்னாருன்னு மேடையிலேயே சொல்வாங்களாம்."

"நீ?"

"வரலைன்னுட்டேன்."

"எப்போ சொன்னே?"

இங்கேதான் கத்தரி பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. "ரெண்டு நாள் கழிச்சு."

"ரெண்டு நாள்! அந்த ரெண்டு நாளும் இங்க உக்காந்து என் அட்டையை வெட்டிக்கிட்டே அங்க போகலாமான்னு யோசிச்சிருக்கே!"

"யோசிச்சேன்க்கா. பதினோரு வருஷமா என் பேரை நீ ஒரு தடவைகூட மேடையில சொன்னதில்லை. யோசிச்சேன். ஆனா அட்டையைக் கொடுக்கலை. ஒரு நூலைக்கூடக் கொடுக்கலை."

"ஒண்ணு பண்ணினவ இன்னொண்ணு பண்ண மாட்டேன்னு நான் எப்படி நம்பறது? நாளன்னிக்கு அவ மேடை ஏறுவா. சனிக்கிழமை நான் ஏறினா, எல்லாரும் என்னைத்தான் காப்பி அடிச்சவன்னு சொல்வாங்க. அஞ்சு மாசம்டி! சாவியைக் கொடு."

கத்தரி சாவியைக் கொடுத்தாள். பிறகு கழுத்திலிருந்து கத்தரிக்கோலையும் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"அதை யாரு கேட்டா?"

"பட்டறைக் கத்தரிதானே. இதுவும் இருக்கட்டும்."

பெரியவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்தரி படி இறங்கினாள். கழுத்தில் கனம் இல்லாமல் நடப்பது அவளுக்கு என்னமோ போல இருந்தது. தெருமுனை வரைக்கும் அழாமல் வந்தாள், அதற்கப்புறம் முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். அழுதாலும் வெட்டுக்காரி வெட்டுக்காரிதான். தோளைப் பார்த்தாள், காலரைப் பார்த்தாள். காலருக்குக் கீழே சின்னதாக ஒரு துணி வளையம். இது நம் கோட்டில் இல்லையே என்று நினைத்தாள். அப்புறம் அக்குளுக்கு வந்தாள்.

குறுக்குத் தையல் வலது கையில் இருந்தது.

படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்களோ என்று பட்டனைப் பார்த்தாள். ஆண்கள் கோட்டில் இடது பக்கம் மேலே வரும். அப்பா கோட்டு அப்படித்தான், பெரியவளும் அதை மாற்றவில்லை. இந்தப் படத்திலும் இடது பக்கம்தான் மேலே வந்திருந்தது. படம் திரும்பவில்லை. தையல்தான் மறு கையில்.

அக்காவுக்குப் போன் செய்தாள். கட் ஆனது. மறுபடி செய்தாள். மறுபடி கட். கடைசியில் தட்டி அனுப்பினாள்: 'குறுக்குத் தையல் அவ கோட்டுல வலது கையில இருக்கு. நம்ம கோட்டுல இடது கை. பட்டன் பக்கம் பார், படம் திரும்பலை. எதுக்குன்னே தெரியாத தையலை எந்தத் திருடியாவது இடம் மாத்தி வைப்பாளா? அம்மா வீட்டுக்குப் போறேன். தைச்சவளைக் கேக்கலாம்.'

அஞ்சு மணிக்குப் பெரியவளும் அங்கே வந்து நின்றாள். தோளில் ஒரு பை, பைக்குள் அப்பாவின் கோட்டு. சமாதானத்துக்கு வரவில்லை என்பது செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே தெரிந்தது.

"நீ தொடாதே, நானே காட்டறேன்," என்றாள் தங்கையிடம்.

அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தஞ்சு வயதிலும் ஊசியில் நூலை ஒரே தடவையில் கோப்பவள். இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடி, ரெண்டு பேரும் ஜோடியா? சண்டையா?"

பெரியவள் கோட்டை விரித்து இடது அக்குளைக் காட்டினாள். "அம்மா, இந்தக் குறுக்குத் தையல் எதுக்குப் போட்டே? யோசிச்சுச் சொல்லு. இதுதான் என் ஷோவே. அப்பா பட்ட கஷ்டத்தோட தழும்புன்னு எழுதி வச்சிருக்கேன்."

"தழும்பா?" அம்மா சிரித்துவிட்டாள். "துணி பத்தலைடி! ரெண்டு துண்டை ஒட்டுப் போட்டேன். அதுக்கு ஷோவா?"

வேறொரு நாளாக இருந்தால் கத்தரி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று, "ஏம்மா, ஒரு கோட்டுக்குக் கூடவா துணி பத்தலை?" என்றுதான் கேட்டாள்.

"ஒரு கோட்டுக்கு எடுத்த துணியில ரெண்டு கோட்டு தைச்சா எப்படிடி பத்தும்? ஒண்ணு துவைக்க, ஒண்ணு போட. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எது அழுக்கு எது துவைச்சதுன்னு உங்க அப்பாவுக்குத் தெரியாது. அழுக்கையே திரும்பப் போட்டுக்கிட்டுப் போவாரு. அதான் இதுல இடது கையில ஒட்டு, அதுல வலது கையில ஒட்டு. இந்த வாரம் இடது, அடுத்த வாரம் வலது."

பெரியவளின் கை கோட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"அந்த ரெண்டாவதுல டார்ச்சு மாட்ட காலர்கிட்ட ஒரு வளையம் வேற கேட்டாரு, வச்சுக் கொடுத்தேன்," என்று அம்மா ஊசியை ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கோட்டு எங்கம்மா?" என்றாள் கத்தரி.

"போட்டுக்கிட்டுத்தானே போனாரு."

பெரியவள் போனை எடுத்தாள். காலருக்குக் கீழே வளையம். வலது கையில் ஒட்டு. கீழே அந்த வரி. காலையில் அவள் திட்டித் தீர்த்த அதே வரி. 'எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என் அப்பா கழற்றி மாட்டும்' என்கிற இடத்தில் அவள் கண் நின்றது. கழற்றி மாட்டிய என்று இல்லை, மாட்டும் என்று இருந்தது. இன்றைக்கும் சாயங்காலம் யாரோ வந்து கழற்றி மாட்டுகிறார்.

யாரும் அட்டையைத் திருடவில்லை. அந்தப் பெண்ணும் தன் அப்பாவின் கோட்டைத்தான் பார்த்து வரைந்திருக்கிறாள்.

பெரியவள் தங்கை முகத்தைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. பைக்குள் கைவிட்டுத் துழாவி, கத்தரிக்கோலை எடுத்து, கயிற்றைத் தங்கையின் தலை வழியாகப் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டாள். கயிறு காதில் சிக்கியது. கத்தரி தானே அதை எடுத்துவிட்டுக்கொண்டாள்.

"நம்மளை விட்டுட்டு எங்கேயோ உயிரோட இருக்காருடி," என்றாள் பெரியவள். "நான் அவரை நினைச்சு அழுது அழுது இருபத்திரண்டு டிரஸ் வரைஞ்சிருக்கேன்."

கத்தரிக்கு அழுகை வரவில்லை. அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து யார் யாரையெல்லாமோ சந்தேகப்பட்டாகிவிட்டது, இந்த ஒருத்தியை யாரும் சந்தேகப்படவில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று இப்போதுதானே பேச்சு வந்தது? ஊசி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. யார், எங்கே, எப்படி என்று ஒரு கேள்வி இல்லை.

"அந்தப் போனை இங்க கொண்டா," என்றாள் அம்மா.

பெரியவள் நீட்டினாள். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கோட்டைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"இது மூத்ததா, இளையதா?"

"என்னம்மா கேக்கறே?"

"அந்த வீட்டுலயும் ரெண்டு பொண்ணுதான். அதான் கேட்டேன்."

கத்தரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இருந்தா வந்திருப்பாருன்னு நீதானேம்மா சொன்னே?"

"சொன்னேன். உங்களுக்குச் சொன்னேன்." அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஓரம் அடித்து முடித்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு விரித்துக் கிடந்த கோட்டை எடுத்து, இடது கை ஒட்டு மேலே தெரிகிற மாதிரி மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு எத்தனை மணிக்கு மேடை ஏறுது? பெத்த பொண்ணு ஷோவுக்கு அவரு வராம இருக்க மாட்டாரு. எனக்கு ஒரு சீட்டு வாங்குங்க."